மலையில் நான் வாங்கித் தர இருந்த ரிசர்வேஷன்

மைக்கைப் பிடித்தால் விடத் தெரியாதவர்களை ஓட்டு கேட்க அனுப்பவே கூடாது. யாரையோ மனதில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

அப்போது பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வடக்கனந்தலில் வீட்டோடு இருந்தேன். பேச்சுப் போட்டிகளில் நான் வாங்கிய கோப்பைகள் அலமாரி நிறைய இருந்தன. (அதில் பெரியதாகப் பார்த்து எடுத்து அம்மா அடுப்படியில் புளி போட்டு வைத்திருந்தாள். என் புகழுக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை அவ்வளவுதான்.) கூடப் படித்தவர்கள் எல்லாரும் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். பேச்சில் பரிசு வாங்கியவளுக்குப் பேச ஆளில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மாட்டிடம் பேசுவேன். அது கழுநீரைக் குடித்து முடிக்கும்வரைதான் கேட்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. உளுந்தூர்பேட்டை பக்கம் திடீர் திடீரென்று மரத்தை வெட்டி ரோட்டில் போட்டுவிடுவார்கள். பஸ் வருமா வராதா என்று தெரியாமலே பஸ்ஸுக்கு நிற்போம். டீக்கடை, கல்யாண வீடு, எழவு வீடு, எங்கே போனாலும் இதே பேச்சுதான். ரிசர்வேஷன் என்ற சொல் தெரியாத ஒரு குழந்தைகூடத் தமிழ்நாட்டில் இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்பினேன்.

அந்தச் சமயத்தில் ஒரு தேர்தல் வந்தது. கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருந்த என் சித்தப்பா, யார் சொல்லியும் கேட்காமல் சுயேச்சையாக நின்றார். சின்னம் தையல் மிஷின். கல்வராயன் மலைக்கு ஓட்டு கேட்கப் போகிற அன்று காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, மலைல நீதான் பேசற. ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். தையல் மிஷினுக்குப் போட்டா மலைக்கு இன்னொரு பஸ்ஸு வரும். அவ்ளோதான், எறங்கிடு."

"அவ்ளோதானா சித்தப்பா?"

"அதுக்கு மேல பேசினா எனக்கே புரியாதும்மா."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அரசியல் தெரியாத மனுஷன்! பஸ்ஸாம், பஸ். உரிமையைப் பற்றிப் பேச வேண்டிய காலத்தில் பஸ்ஸைப் பற்றியா பேசுவது?

வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊரில் ஜீப் நின்றது. சித்தப்பா என்னையும், கையில் பிடித்துப் பேசும் பேட்டரி ஒலிபெருக்கியையும் இறக்கிவிட்டார். அடுத்த ஊர்களை முடித்துவிட்டு மத்தியானத்துக்குள் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பலா மரத்தடியில் ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் ஒரு பக்கம். போட்டிகளில்கூட அவ்வளவு பேர் என் முகத்தையே பார்த்ததில்லை.

கிரேக்கத்தில் ஆரம்பித்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். போட்டிகளில் அங்கேதான் ஆரம்பிப்பேன்.) அங்கிருந்து அரசியல் சட்டத்துக்கு வந்தேன். பிறகு குரலை உயர்த்தினேன்.

"இந்த மலையில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்கிறேன்! உங்கள் இட ஒதுக்கீட்டை யாராலும் தடுக்க முடியாது! ரிசர்வேஷன்! முழுமையான ரிசர்வேஷன்! தையல் மிஷினில் நீங்கள் இடும் ஒவ்வொரு முத்திரையும் அந்த ரிசர்வேஷனுக்காகத்தான்!"

கூட்டம் அசையவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. கட்டிப்போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "ரிசர்வேஷன் வரும்வரை நாங்கள் தூங்கமாட்டோம்!" என்று ஒரு போடு போட்டேன்.

முதலில் ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே ஆண்கள் எழுந்தார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். சத்தமில்லை, சண்டையில்லை. நான் 'நன்றி, வணக்கம்' சொல்வதற்குள் பலா மரத்தடியில் நானும் ஒலிபெருக்கியும்தான் இருந்தோம்.

மத்தியானம் ஆயிற்று, ஜீப் வரவில்லை. ஒரு வீட்டு வாசலில் போய்த் தண்ணீர் கேட்டேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. நான் கேட்டதும் அது நின்றது. கதவு திறக்கவில்லை. இன்னொரு வீட்டுக்குப் போகத் தைரியம் வராமல் மரத்தடிக்கே திரும்பினேன். வெயில் சாய்ந்து, மலைக்காற்று குளிர ஆரம்பித்தது. சுற்றிலும் வீடுகள், எல்லா வீட்டிலும் ஆட்கள், அடுப்புப் புகை. ஆனால் என் பக்கம் ஒரு முகம்கூடத் திரும்பவில்லை. எங்கள் மாடாவது கழுநீர் தீரும்வரை நின்று கேட்குமே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் ராமாயி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கையில் ஒரு சொம்பு. ஆனால் அதை என்னிடம் நீட்டவில்லை.

"இந்தா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ எங்க நெலத்த எடுக்க வந்தியா, இல்லியா?"

"நிலமா? எந்த நிலம்?"

"இன்னா இப்பிடி கேக்கற? ரிசர்வு ரிசர்வுன்னு நீதான கத்திக்கினு இருந்த? எடத்த ஒதுக்கறேன்னு சொன்ன. ரிசர்வுன்னா காடாச்சே! அப்பறம் நாங்க எங்க ஏர் ஓட்றது? வரவரைக்கும் தூங்கவும் மாட்டியாமே!"

அந்த மலையில் ரிசர்வ் என்றால் வனத்துறையின் ரிசர்வ் காடு. இடத்தை ஒதுக்குவது என்றால் அவர்கள் உழுகிற சாமைக் கொல்லையைப் பிடுங்கிக்கொள்வது. அதற்குத்தான் ஒலிபெருக்கி வைத்து, தொண்டை கிழிய, அவர்களிடமே ஓட்டு கேட்டிருக்கிறேன்.

"அக்கா, அரசியல் சட்டத்துல என்னா சொல்லியிருக்குன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"எடுக்கறியா, இல்லியா?"

"இல்லக்கா."

சொம்பு என் கைக்கு வந்தது. முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தேன்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? செரி, அப்ப எதுக்குத்தான் வந்த?"

"இன்னொரு பஸ்ஸு வரும்னு சொல்ல வந்தேன்."

ராமாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பஸ்ஸா? மெய்யாலுமா? தலைவலின்னா கச்சிராயபாளையம் போய்த் திரும்ப ஒரு நாள் பூடுதேம்மா. அத ஏன் நீ சொல்லல?"

சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். (என் வாழ்க்கையில் நான் பதில் சொல்லாத முதல் கேள்வி.) அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் களி போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இருட்டுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. சித்தப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. என் கூட்டத்திலிருந்து எழுந்து போனவர்கள் குறுக்குப் பாதையில் நடந்து, ஜீப் சுற்றி வருவதற்குள் அடுத்த ஊர்களுக்கெல்லாம் சேதி சொல்லிவிட்டார்கள். போன இடத்திலெல்லாம் கதவு சாத்தியிருந்ததாம். ராமாயி ஒருத்தி உண்மையை எத்தனை வீட்டுக்குத்தான் கொண்டுபோவாள்?

சித்தப்பா திட்டவில்லை. மலை இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "நல்லாதான் பேசியிருக்க பாப்பா. ஒருத்தர் வுடாம நம்பியிருக்காங்க."

டெபாசிட் போயிற்று. மலையில் தையல் மிஷினைத் தொட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சித்தப்பா உரக்கடைக்குத் திரும்பினார். அப்புறம் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆனால் என் கல்யாணத்தன்று, மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளையின் காதில், எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "மாப்ள, இவ நீட்டிக்கினே போனான்னா, நெலத்த எடுக்கறியா இல்லியான்னு கேளுங்க. நின்னுடுவா."

என் வீட்டுக்காரர் கேட்டார். ஆயுசு முழுக்கக் கேட்டார். அவரிடமிருந்து என் மகனும் கற்றுக்கொண்டான். ரயிலுக்கு ரிசர்வேஷன் செய்யும் வேலையை இன்றுவரை என்னிடம் யாரும் கொடுப்பதில்லை. அவர் காலமானபின் இந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். மகன் புனேயில். போன வாரம் போன் செய்தான். மோட்டார் ரிப்பேர், எதிர்வீட்டு நாய், பாத்ரூம் பல்பு, பஞ்சாயத்தில் புதிதாகப் போட்ட ரோடு என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் சிரித்துக்கொண்டே, "அம்மா, நெலத்த எடுக்கறியா, இல்லியா?" என்றான்.

"நீ ஒரு தடவ வூட்டுக்கு வந்துட்டுப் போடா," என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?" என்றான்.