கொள்கைக்குக் கிடைத்த தள்ளுபடி

வேண்டாத பொருளுக்கு இனி ஒரு பைசா கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

பின்னே? லேப்டாப் கேட்டால் கூடவே அதை இயக்க ஒரு ஓஎஸ்ஸையும் தலையில் கட்டுகிறார்கள். அதற்கும் சேர்த்து விலை. சட்டை கேட்டால் உள்ளே ஓர் ஆளையும் நுழைத்தா விற்கிறார்கள்?

என் மனைவி கட்டட வரைபடம் போடுபவள். திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப் அவளுக்குத்தான்.

"ஓஎஸ்ஸுக்கு எதுக்குக் காசு? நான் ஓசியிலேயே வேற போட்டுத் தர்றேன்" என்றேன்.

"என் வரைபட சாஃப்ட்வேர் கடையில குடுக்கிற ஓஎஸ்லதாங்க ஓடும்."

"நான் ஓட வைக்கிறேன்."

"மிக்ஸியையும் அப்படித்தான் ஓட வெச்சீங்க. மேடையை விட்டே ஓடிடுச்சு."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கும்மா!"

"சரி, கிளம்புங்க."

இவ்வளவு சீக்கிரம் தோற்கிறவள் அல்ல அவள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"ஓஎஸ் இல்லாம ஒரு லேப்டாப் குடுங்க."

"சேர்ந்துதான் சார் வரும்."

"பிரிச்சுக் குடுங்க."

"பிரிக்கிறதுக்கு இது என்ன பொட்டலமா சார்?"

அவ்வளவுதான். நுகர்வோர் உரிமையில் ஆரம்பித்தேன். தனிமனித சுதந்திரத்துக்குத் தாவினேன். டிவி பார்க்க வந்தவர்கள் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். சார்ஜர் வாங்க வந்தவர் என் பேச்சில் உருகி, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சார்ஜர் வாங்காமலேயே போய்விட்டார். ஏசி அறையில் கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது.

"தொண்டை கட்டிடப் போகுது. வெளியில போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க, நான் பேசறேன்" என்றாள் மனைவி, கரிசனமாக.

திரும்பி வந்தபோது பெட்டி கட்டித் தயாராக இருந்தது. கடைக்காரர் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"ஜெயிச்சுட்டீங்க சார்! ஓஎஸ்ஸுக்குக் காசு வாங்கல."

நாட்டைப் பிடித்தவன் மாதிரி வீடு வந்து சேர்ந்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தால், 'நல்வரவு' என்று பல்லை இளித்தது அதே ஓஎஸ்.

"என்னடி இது?"

"ஓஎஸ்."

"காசு வாங்கலைன்னாரே?"

"வாங்கல. பையும் மவுஸும்கூட சும்மாதான்."

"எப்படி?"

"'இவரை இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன், என்ன குறைப்பீங்க?'ன்னு கேட்டேன். பாவம், மனுஷனுக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கடையில் மட்டும் அடைத்திருந்தால் முழு விலை கொடுத்திருப்போம்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வேலையில் இறங்கினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்:

"அடுத்து வாஷிங் மெஷின் வாங்கணுங்க. அதுக்கும் ஏதாவது ஒரு கொள்கை யோசிச்சு வைங்க."