இடது சக்கரத்தின் ஒத்துழையாமை

பேரன்பும் பெருமதிப்பும் ஒரு ட்ரெய்லரும் உடைய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் அடக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம், அப்பாவின் முதுகு நீங்கலாக. அதற்கான காரணம் கீழே தானாக வரும்.

பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய சேதி ஒன்று. நேற்று மாலை நம் வீட்டு வாசலில், பிரேக் போட்டதும் உங்கள் ட்ரெய்லரின் வலது சக்கரம் நின்றது. இடது சக்கரம் நிற்கவில்லை. பிரேக்கிங் நியூஸ் என்றால் இதுதான் மாமா, டிவியில் வருவதெல்லாம் சும்மா.

நீங்கள் வண்டியை இங்கே விட்டுப் போனதும், சொன்னபடியே கழுவி, சக்கரங்களுக்கு கிரீஸ் வைத்து, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். பிறகு அப்பா அதைக் காரில் மாட்டி மரப்பலகை எடுக்கப் போனார். பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லர் வலப்பக்கமே இழுக்குது என்று முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். நீங்களும் போனில் கறாராகச் சொல்லிவிட்டீர்கள்: "அந்த ஏரி இறக்கத்துல படகை இழுத்துக்கிட்டு இந்த பிரேக்கோட நான் இறங்க மாட்டேன். சரியாகலைன்னா ஏரிப் பயணம் கேன்சல். கோளாறைக் கண்டுபிடிக்கிறவங்களுக்கு முன்சீட்டு."

அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, திருகு. ட்ரெய்லர் பிரேக் காரிலிருந்து வரும் கரன்டில் ஓடுவது; அதன் பிடியைக் கூட்டுகிற குமிழைக் காருக்குள் அவர் திருகத் திருக, வலது சக்கரம் இன்னும் வெறியோடு பிடித்தது, இடது சக்கரம் பாட்டுக்கு உருண்டது, ட்ரெய்லர் குறுக்கே திரும்பிப் போய் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியை நலம் விசாரித்தது. அடுத்து அத்தான். ரெண்டு வீடியோ பார்த்துவிட்டு, எல்லாம் ஒயர்தான்னு ஒரே போடாகப் போட்டு, இருந்த ஒயரையெல்லாம் வெட்டி ஒட்டினார். அதற்கப்புறம் பிரேக் போட்டால் இண்டிகேட்டர் கண்ணடிச்சுது, அவ்வளவுதான் முன்னேற்றம். கடைசியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ரெண்டு சக்கரத்துக்கும் கரன்ட் சமமாத்தான் போகுது. அம்மா ஜன்னலிலிருந்து, "அப்போ இவ்வளவு நேரம் எதுக்கு அறுத்தீங்க?" என்று கேட்டார். ஒயரையா எங்களையா என்று அவர் விளக்கவில்லை.

நேற்று மாலைதான் இந்த மேதை களத்தில் இறங்கினேன். அப்பாவைத் தெருக்கோடி வரை போய்வரச் சொன்னேன், கார் பிரேக்கைத் தொடாமல் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டு. திரும்பி வந்ததும் சக்கரங்களின் பிரேக் டிரம்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். வலது டிரம் தோசைக்கல், இடது டிரம் பானைத் தண்ணீர். ஜாக்கி வைத்துத் தூக்கினோம் (அப்பாவின் முதுகு இங்கே வருகிறது). ரெண்டு சக்கரத்தையும் சுற்றிவிட்டு பிரேக் போட்டால், வலது நின்றுவிட்டது; இடதில் பிரேக்கை இயக்குகிற காந்தம் ஒழுங்காகத்தான் பிடிக்குது, சக்கரம்தான் வழுக்கிக்கொண்டு போகுது. கழற்றுங்கள் டிரம்மை, உள்ளே கிரீஸ்தான் என்றேன். கழற்றினால், டிரம்மை உரசி நிறுத்துகிற லைனிங் முழுக்க கிரீஸ், அல்வா மாதிரி. அத்தானின் வாய் திறந்தது, மூட மறந்தது. "எப்படிடா பார்க்காமலே சொன்னே?" என்றார். பிறவி ஞானம் என்றேன். கிரீஸ் ஊறின லைனிங்கைத் துடைத்தால் போதாதாம், புது லைனிங்கும், கிரீஸை பிரேக் பக்கம் விடாமல் தடுக்கிற சீலும் கடையில் சொல்லியாயிற்று. ஆகவே முன்சீட்டு எனக்கு. பாட்டும் நான் போடுவதுதான்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் படகுக்கும் என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
இடக்கை வலக்கை இரண்டிலும் மூளை உள்ள,
மருமகன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் அம்மா இதைப் படித்துவிட்டார். "அந்த கிரீஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதவே இல்லியே" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். விஷயம் என்னன்னா மாமா, நீங்க ரெண்டு அமுக்கு போதும்னு சொன்னீங்க. கிரீஸ் கன் அமுக்கும்போது ஒரு சத்தம் வந்துச்சு, அது ரொம்ப நல்லா இருந்துச்சு. டப்பா தீர்ற வரைக்கும் அமுக்கிட்டேன். அதுதான் சீலைத் தாண்டி உள்ளே போயிருக்கு. பார்க்காமல் சொன்ன ஞானம் அதுதான். முன்சீட்டை அம்மாவுக்குக் கொடுத்துடுங்க. அப்பாகிட்டயும் அத்தான்கிட்டயும், முதுகு சரியானதும் நானே சொல்லிடறேன். இன்னொண்ணு. சக்கரங்களுக்கு வைத்தேன்னு மேலே எழுதினதும் முழுசா நிஜமில்லை. டப்பா இடப்பக்கமே தீர்ந்துபோச்சு. வலது சக்கரத்துக்கு நீங்களே வந்து வெச்சிடுங்க மாமா.