டீச்சர் மாட்டுக்குப் போட்ட மேக்கப்

புதிதாகப் படித்து முடித்தவர்கள் கையில் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. மாட்டுக் கயிறு என்றால் கிட்டேயே சேர்க்கக் கூடாது. செராமிக் டிப்ளமாவை முதல் வகுப்பில் முடித்து, விருத்தாசலத்தில் ஒரு பொம்மைக் கம்பெனியின் வர்ணப் பிரிவில் சேர்ந்த அந்த ஆண்டு, என்னைவிடப் பெரிய மேதாவிப் பெண் கடலூர் மாவட்டத்திலேயே கிடையாது என்பது என் எண்ணம். யார் வீட்டில் டீ கொடுத்தாலும் கப்பின் அடிப்பாகத்துப் பளபளப்புப் பூச்சைப் பார்த்து, "க்ளேஸ் சரியில்ல" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் குடிப்பேன். (டீ உள்ளே இருக்கும்போதே கவிழ்த்துப் பார்த்ததும் உண்டு.)

அப்போது எங்கள் வீட்டில் டீச்சர் என்றொரு செவலைப் பசு இருந்தது. அது முறைத்தால் தெருவே வாயை மூடிக்கொள்ளும் என்பதால் அம்மா வைத்த பெயர். கறக்கப் போனால் உதைக்கும், தண்ணீர் காட்டப் போனால் முட்டும், சும்மா கடந்து போனால் வாலால் கன்னத்தில் ஒன்று வைக்கும். ஒரு நாள் அப்பாவைக் கொட்டகைச் சுவரோடு சேர்த்து உதைத்ததில் அவருடைய தோள்பட்டை எலும்பு நகர்ந்துவிட்டது. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவர் உட்கார, டீச்சரோடு மல்லுக்கட்டுவது அம்மா தலையில் விழுந்தது. அம்மா என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள். அடுத்த உதை அவளுக்குத்தான் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. மாட்டை உடனே விற்றாக வேண்டும்.

உதைக்கும் குணத்தை அப்பா யாரிடமும் மறைக்கவில்லை. "கொஞ்சம் கோவக்காரிங்க, பின்னங்கால கட்டிட்டுத்தான் கறக்கணும்" என்று போனிலேயே சொல்லிவிடுவார். அதற்குத் துணிந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களை விரட்டியது சுழி. மாட்டின் உடம்பில் முடி எங்கே சுழிந்திருக்கிறது என்று பார்த்து ராசி சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். டீச்சருக்கு வாலுக்குச் சற்று மேலே, முதுகில், துடைப்பச் சுழி. வாங்கியவர் வீட்டில் இருப்பதையெல்லாம் அது துடைத்து எடுத்துவிடுமாம். (எங்கள் வீட்டில் துடைக்க என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.) வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், மடியைப் பார்ப்பார்கள், முதுகைப் பார்த்ததும் செருப்பைத் தேடுவார்கள்.

ஒரு ரூபாய்க் காசு அகலச் சுழி. அதை மூடத் தெரியாவிட்டால் நான் எதற்கு டிப்ளமா படித்தேன்? திட்டக்குடியிலிருந்து ஒருவர் மாடு பார்க்க வருகிறார் என்றதும் கம்பெனியிலிருந்து கொஞ்சம் வெள்ளைக் களிமண் கொண்டுவந்தேன். காவியும் பிசினும் சேர்த்துக் குழைத்து, டீச்சரின் நிறம் அப்படியே வரும்வரை விடவில்லை. பிறகு பிரஷ்ஷால் முடி போகும் போக்கிலேயே பூசினேன். (பொம்மைக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.)

அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி பண்ற மாட்டுக்கு?"

"சுழிய மறைக்கிறேம்மா. அப்பாகிட்ட சொல்லாத."

"அது வால சும்மா வச்சிருக்குமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நாங்க படிச்சிருக்கோம்."

திட்டக்குடிக்காரர் வந்தார். கொட்டகை நிழலிலேயே டீச்சரைச் சுற்றி வந்தார். பல், மடி, முதுகு எல்லாவற்றையும் பார்த்தார். சுழி அவர் கண்ணில் படவே இல்லை. "மாடு புடிச்சிருக்குதுங்க. அட்வான்ஸ் வாங்கிக்குங்க" என்று சட்டைப்பைக்குள் கையை விட்டார். மூளை உள்ள எந்த ஜென்மமும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும். எனக்கோ, இவ்வளவு அருமையான வேலையை ஒரு மனிதர் சரியாகக்கூடப் பார்க்காமல் போகிறாரே என்று வயிறெரிந்தது.

"வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துடுங்க. சுழி சுத்தமான மாடு" என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்து டீச்சரை வாசலுக்கு நடத்தினேன்.

"சுழி சுத்தமா?" என்றார் அப்பா. பாவம், யார் வீட்டு மாட்டைச் சொல்கிறேன் என்று அவருக்குக் குழப்பம்.

உச்சி வெயில். பிசின் வாசனைக்கு ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. டீச்சர் வாலைச் சுழற்றி முதுகில் ஒரு போடு போட்டது. போன வால் திரும்பி வரவில்லை. வால் குஞ்சம் ஈரப் பூச்சில் ஒட்டிக்கொண்டது. அந்த வெயிலில் பூச்சு காய ஆரம்பித்தது. களிமண் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். முதல் வாரப் பாடம், அதில் நான்தான் முதல் மார்க். விளிம்பெல்லாம் பிளந்து தூக்கிக்கொள்ள, நடுவில் மட்டும் பூச்சு வாலை விடாமல் பிடித்திருந்தது.

"வால் ஏங்க மேலயே நிக்குது?" என்றார் திட்டக்குடிக்காரர்.

அதே சந்தேகம் டீச்சருக்கும் அப்போதுதான் வந்தது. தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு வாசலைச் சுற்ற ஆரம்பித்தது. முதல் சுற்றிலேயே கயிறு என் கையை விட்டுப் போனது. அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி பறந்தது. திட்டக்குடிக்காரர் வெள்ளைச் சட்டையோடு வைக்கோல் போருக்குள் பாய்ந்தார். நான் துளசி மாடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும் பதறாதீங்க" என்று கத்தினேன். கடைசியில் அம்மாதான் ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கி மாட்டின் முதுகில் வீசினாள். வால் விடுபட்டது. காவி வழிந்து இறங்க, அடியிலிருந்து துடைப்பச் சுழி இப்போதுதான் குளித்து வந்ததுபோல் பளிச்சென்று எழுந்தது.

திட்டக்குடிக்காரர் வைக்கோலைத் தட்டிக்கொண்டு வந்து சுழியைக் குனிந்து பார்த்தார். "இதயா மூடனீங்க? இதே சுழியோட எங்க வூட்டுல ஒண்ணு நிக்குது. நல்லாத்தான் கறக்குது. நான் சுழியெல்லாம் பாக்கறதே இல்லீங்க."

"அப்ப புடிச்சிக்கறீங்களா?" என்றேன். (வெட்கம் என்பது எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.)

"வேணாங்க. உதைக்கும்னு உங்கப்பா சொன்னாரு, நம்புனேன். இப்ப அதயும் கொறச்சிதான் சொன்னாரோன்னு இருக்குது. மாட்டுக்கே பூச்சு பூசற வூட்டுல இன்னும் எதெத மூடி வச்சிருக்கீங்களோ. போயிட்டு வரேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாடு விற்கிற விஷயத்தில் ஒரு வார்த்தை பொய் சொல்லாத மனிதர். அவரைப் பார்த்து எனக்கு அழுகை பொங்கியது. வந்தவரின் வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "நாளையிலேர்ந்து டீச்சருக்கு நீதான் கால கட்டற."

கட்டினேன். விடிந்தும் விடியாமல் கட்டினேன். அம்மாவுக்கு வர வேண்டிய உதையெல்லாம் முகவரி மாறி எனக்கு வந்தது. கிழடாகிக் கொட்டகையிலேயே கண்ணை மூடும்வரை டீச்சரை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. பூச்சுக் கதைதான் பக்கத்து ஊர் கம்மாபுரத்தையும் தாண்டிப் போய்விட்டதே.

என் கல்யாணத்தன்று பியூட்டி பார்லர் பெண் என் முகத்தில் அடுக்கடுக்காகப் பூசிவிட்டுப் போனாள். அப்பா மணமகள் அறை வாசலில் வந்து நின்று, கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, என் மாமியார் முன்னாலேயே சொன்னார்: "எம்மா, வெயில்ல மட்டும் போயி நிக்காத."

"பொண்ணு மேல இன்னா பாசம் பாருங்க!" என்று மாமியார் கண்கலங்கினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

என் கணவருக்கு முழு விவரமும் மறுவீட்டு விருந்தில் தெரியவந்தது. அன்றிலிருந்து நான் பவுடர் டப்பாவைத் திறந்தால் போதும், மனிதர் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறார்.