பென்குயின் அக்காவும் ஊமை சிடியும்

தலைவலி வந்தாலும், பஸ் போய்விட்டாலும், நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனாலும் ஒரே வைத்தியம் வைத்திருந்த ஆள் நாகர்கோவிலிலேயே எங்கள் பென்குயின் அக்கா மட்டும்தான். "நேத்து என்னத்த மாத்தின? எரர் என்ன வந்துது? ஒரு எழுத்து விடாம சொல்லு மக்கா."

நாங்கள் இருந்தது வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. அங்கே ஹாலில் அக்காவின் சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஓடியது லினக்ஸ். அதன் சின்னமான பென்குயினைக் குடையிலும் டிபன் டப்பாவிலும் ஒட்டிக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர் அது. "விண்டோஸ் போடப்பிடாதா அக்கா?" என்று கேட்டால், "காத்து வேணும்னா ஹாலுக்க சன்னலத் தொறந்துவிடு" என்பார்.

விடுதி விழா வந்தது. அதே ஹாலில்தான் மேடை. சமையல்கட்டு ரோசிலி அக்கா ஐம்பது வயதில் முதல்முறையாக மேடையேறி ஆடப்போகிறார். சாம்பார் கிண்டும்போதுகூட அடவு பிடித்துப் பழகியவர். அவர் சலங்கை கட்டி நிற்கும் நேரம் பார்த்து வார்டனின் சிடி பிளேயர் உயிரை விட்டது.

"டான்ஸ் வேண்டாம், பேச்சப் போட்டுருவோம்" என்றார் வார்டன். ரோசிலி அக்காவின் முகம் ஆறின தோசையாகிவிட்டது.

"ஏன், நான் செத்தா போனேன்?" என்று எழுந்தார் பென்குயின் அக்கா.

சிடியைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, கருப்புத் திரையில் என்னவோ தட்டினார். அனுமதி இல்லை என்றது. "எனக்க மெஷின்ல எனக்கே அனுமதி இல்லியா?" என்று சீறி, சிடி டிரைவைத் தொடும் உரிமையைத் தனக்குத் தானே வழங்கிக்கொண்டார். சிடி சுழன்றது. திரையில் நொடிகளும் ஓடின. சத்தத்தை மட்டும் காணோம். வால்யூம் கோடுகளையெல்லாம் உச்சிக்கு ஏற்றினார். அப்போதும் ஊமை. கூட்டம் கேலியாகக் கைதட்டியது.

"டிரைவுக்க முன்னால உள்ள ஓட்டையில இயர்போனச் சொருகு" என்றார் என்னிடம். சொருகினேன். காதுக்குள் மேளம்!

"பாடுது அக்கா! ஸ்பீக்கரையும் இதுலயே சொருகிரலாமே?"

"அது குறுக்கு வழி. கோளாறு அங்கனயே கெடக்குமே! சிடிக்குத் தீனமோ நோவோ இல்ல, பாதையிலதான் அடைப்பு."

பெட்டியைத் திறந்தார். டிரைவிலிருந்து சவுண்டு கார்டுக்குப் போகவேண்டிய மெல்லிய வயர் இல்லவே இல்லை. அதற்குள் வார்டன் மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"நில்லுங்க மேடம்! வயர் இல்லேன்னா போவட்டும். பாட்ட டேட்டாவா வாசிச்சு, டேட்டா போற மத்த கேபிள் வழியா கொண்டுவாறேன்!"

கம்ப்யூட்டரில் பாட்டு ஓட்டும் பிளேயரின் அமைப்பில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். ஏற்றிய வால்யூமை இறக்க மட்டும் மறந்துபோனார்.

பாட்டு வெடித்தது. வார்டன் மைக்கைக் கீழே போட்டார். வெளியே மாமரத்துக் காகங்கள் ஒன்று பாக்கியில்லாமல் பறந்தன. ரோசிலி அக்கா ஆடினார் பாருங்கள், மேடை தாங்கியதே ஆச்சரியம்! "ஒன்ஸ் மோர்" கேட்ட முதல் குரல் வார்டனுடையது.

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். பென்குயின் அக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் மேசைக்கடியில் அவர் கால் கூடவே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முடிகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் காலைத்தான்.