மூன்று தேக்சா பிரியாணியும் என் ஒரே ரகசியமும்

எனக்கு மூலம் இருந்தது. இதை இவ்வளவு கூச்சமில்லாமல் எழுதக் காரணம், செம்பட்டியிலிருந்து சேவுகம்பட்டி வரைக்கும் இது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். பாக்கி இருந்தது நீங்கள்தான். தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் இது எனக்கும் என் மனைவி ஷமீமாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். டாக்டரிடம்கூடப் போகவில்லை. (போனால் காட்டச் சொல்வாரே!) ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி அவளிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்தது என் செல்போன் ஒன்றுதான்.

மறுநாள் எங்கள் கடைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று பேச ஒருவர் வந்தார். திண்டுக்கல்லில் எங்கள் அத்தா (அப்பாதான்) நடத்தும் பிரியாணிக் கடை அது. விசேஷ வீடுகளுக்கும் சமைத்துக் கொடுப்போம். எங்கள் பிரியாணி வீடியோவைப் போனில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். தேக்சா அண்டாவின் மூடியைத் திறந்து ஆவி பறக்கிற நேரம் பார்த்து வீடியோ நின்றது. ஒரு விளம்பரம் வந்தது: "உட்கார முடியவில்லையா? ஏழே நாளில் நிவாரணம்!"

வந்தவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, இது உங்க பிரியாணி சாப்பிடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். ஆர்டர் போயே போச்சு.

எனக்கு வந்ததே கோபம்! பொண்டாட்டி காதில் சொன்னதை எவன்டா ஒட்டுக்கேட்டது? தேடிக் கொடுக்கிற கம்பெனி, மேப்பு கம்பெனி, மெசேஜ் கம்பெனி, இனி ஒருத்தனுக்கும் என் வீட்டு விஷயம் தெரியக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அவர்கள் லேசில் விடுவார்களா? கணக்கை அழிக்கப் போனால், "நிச்சயமாகவா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டது. "உங்கள் படங்கள் எல்லாம் போய்விடும்" என்று மிரட்டியது. பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. அதை மாற்ற இன்னொரு கணக்கு வேண்டுமாம். அந்தக் கணக்கைத் திறக்க இந்தக் கணக்கின் அனுமதி வேண்டுமாம். (ரேஷன் கார்டில் பேர் எடுப்பதே இதற்குத் தேவலை.) ஒன்பது நாள் மல்லுக்கட்டி, எல்லாவற்றையும் அழித்து, பட்டன் போன் ஒன்று வாங்கினேன். ஜெயித்துவிட்டதாக நினைத்து இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"மச்சான், வலிக்கிற எடத்துக்கு வைத்தியம் பாக்காம போனுக்குப் பாக்குறீகளே!" என்றாள் ஷமீமா.

அத்தாவுக்கு விளம்பரக் கதை தெரியாது. "ஏலே, இப்ப ஆர்டர் பூராம் அதுலதானே வருது? வழி பாத்துப் போறதும் அதுலதானே?" என்று சத்தம் போட்டார்.

"நீங்கல்லாம் வழி கேட்டுப் போய் யாவாரம் பண்ணலையா அத்தா?"

"அப்படியா அப்பு? ஞாயித்துக்கிழமை சேவுகம்பட்டி ஆர்டரை நீயே எடுத்துட்டுப் போ. நேரத்துக்குச் சேத்துட்டா கடைச் சாவி ஒன் கையில. இல்லேன்னா கடைசி வரைக்கும் வெங்காயம் உரி!"

எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. பதினைந்து வருசமாக வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தேன். சாவி எனக்கு வேண்டும்.

ஆர்டர் கொடுத்தவர் ராசு அண்ணன், சேவுகம்பட்டியில் பூந்தோட்டம் வைத்திருப்பவர். அக்கா மகளுக்குக் காதுகுத்து. இவர்தான் தாய்மாமன், சாப்பாடு இவர் பொறுப்பு. கடை போனில் கூப்பிட்டுக் கெஞ்சினார். "மச்சான் வீட்டு ஆளுக, 'தாய்மாமன் பிரியாணி போடுறாராம்ல, கண்ணால பாத்தாத்தான் நம்புவோம்'னு பேசுறாக. ஒரு மணிக்குத் தோப்புல பந்தி. மானத்தக் காப்பாத்திருங்க. லொக்கேஷன் அனுப்பவா?"

"வேண்டாண்ணே, வாயால சொல்லுங்க" என்றேன் கம்பீரமாக.

"அப்பச் சரி. பக்கத்துல வந்தா மைக்செட் சத்தம் கேக்கும். சத்தத்தப் புடிச்சுக்கிட்டே வந்துருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்த நாள். எனக்குத் தெரியாது. (அதையும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பழைய போன்தான்.)

மூன்று தேக்சாவை வேனில் ஏற்றிக்கொண்டு பதினோரு மணிக்குக் கிளம்பினேன். செம்பட்டி வந்ததுமே மைக்செட் சத்தம் கேட்டது. பிடித்துக்கொண்டே ஆத்தூர்ப் பக்கம் போனேன். பந்தல், வாழை மரம், கூட்டம். "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று நாலு பேர் ஓடி வந்து, நான் சீட்டை விட்டு எழுந்திருக்கும் முன்பே (எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்) ஒரு தேக்சாவை இறக்கிவிட்டார்கள். பட்டு வேட்டி கட்டியவர் மூடியைத் திறந்தார்.

"என்னய்யா இது?"

"மட்டன் பிரியாணிண்ணே."

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சிக்கிட்டு இருக்கோம்யா! சாம்பார் வண்டின்னுல நெனச்சோம்! ஏத்துங்கடா, ஏத்துங்கடா!"

ஏற்றினார்கள். ஒருத்தர் மட்டும், "இம்புட்டு வாசமா இருக்கு, செத்த நேரம் இருக்கட்டுமே" என்று முனகினார்.

அடுத்த சத்தத்தைப் பிடித்துப் போனேன். கோயில் கும்பாபிஷேகம். நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. மூன்றாவது சத்தத்தைப் பிடித்துப் போனால், மைக்செட் வாடகைக்கு விடுகிற கடையில் "ஹலோ, ஹலோ" என்று டெஸ்டிங். மணி பன்னிரண்டேகால். சாவி கையை விட்டுப் போவது கண்ணுக்கே தெரிந்தது. ராசு அண்ணன் முகம் வேறு கண்ணுக்குள் நின்றது. பட்டன் போனில் அவர் நம்பரைத் தேடினேன், இல்லை. பில் புத்தகத்தில் எழுதியிருந்தேன். புத்தகம் கடையில் இருந்தது.

கடைசியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி வழி கேட்டேன். டீ மாஸ்டர் சாவகாசமாக ஆரம்பித்தார்.

"எந்த ஊரு?"

"திண்டுக்கல்லுண்ணே."

"யாரு மகன்?" சொன்னேன். "பிள்ளைக எத்தனை?" சொன்னேன். "வண்டி சொந்தமா?" அதையும் சொன்னேன். (எந்தக் கம்பெனியும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை.)

"அதான் மேப்புன்னு ஒண்ணு இருக்குல்ல, போட்டுப் போக வேண்டியதுதானே?"

"எம் போன்ல அது இல்லண்ணே."

"ஏன் இல்ல?"

பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்கு மூலம் இருக்குண்ணே! அத அந்தப் போனு ஒட்டுக்கேட்டு வெளிய சொல்லிருச்சு! ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் போனையே தூக்கிப் போட்டேன்! இப்ப வழி சொல்லுவீகளா, மாட்டீகளா?"

ஊருக்குத் தெரியக் கூடாததை ஊரைக் கூட்டிச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டீ மாஸ்டர் முகம் அப்படியே இளகிவிட்டது. "அட பாவமே, இம்புட்டு வலியோடயா வண்டி ஓட்டிட்டு வாரே?" என்றவர் வழியைச் சொல்லிவிட்டு, தன் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஏதோ பேச ஆரம்பித்தார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். முதல் திருப்பத்தில் பைக்கில் ஒருவர் எனக்காகவே நின்று கை காட்டினார். அடுத்த முக்கில் பூக்கூடையோடு நின்ற அக்கா, "அப்பு, இந்தப் பக்கம்! மேடு பள்ளமா இருக்கும், மெதுவாப் போ சாமி!" என்றார். ஒரு ஆள் ரோட்டுப் பள்ளத்தில் கூடை மண்ணைக் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார். என்ன நல்ல மனுசங்கடா என்று மனசு நிறைந்துபோனது. காரணம் மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

தோப்பு நெருங்கியது. மைக்செட் சத்தம் தெளிவாகக் கேட்டது. "பிரியாணி வண்டி வாய்க்கால் பாலம் தாண்டிருச்சு... இந்தா, திரும்பிருச்சு... எல்லாரும் பந்திக்கு வாங்க!"

மணி பன்னிரண்டு ஐம்பது. ராசு அண்ணன் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று கிளம்பியது. "மச்சான், கண்ணால பாத்துக்கங்க!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு மைக்கே தேவையில்லை. மச்சான் வீட்டு ஆட்கள் முந்திக்கொண்டு இலையில் உட்கார்ந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போதுதான் ராசு அண்ணன் மைக்கைப் பிடித்தார். "வண்டிக்கார அண்ணனுக்கு ஒரு சேர் போடுங்கப்பா. வெறும் சேர் வேண்டாம். மேல தலகாணி வச்சுக் குடுங்க!"

முன்னூறு பேர் திரும்பினார்கள். எல்லார் முகத்திலும் பரிவு. ராசு அண்ணன் தன் போனை நீட்டினார். சுற்றுவட்டார பூ வியாபாரிகள் குரூப்பில் டீ மாஸ்டர் குரல்: "பச்சை வேன்ல ஒரு தம்பி வாரான், பாவம் மூலக்காரன், வழி காட்டி விடுங்க." ஒன்பது நாள் மல்லுக்கட்டி நான் எந்த ஆப்பிலிருந்து வெளியே வந்தேனோ, அதே ஆப்பில் நான் இல்லாமலேயே என் கதை ஊர்வலம் போயிருந்தது.

பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிளக்கவில்லை. உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்புகிற வழியெல்லாம் வண்டியை நிறுத்தினார்கள். ஒருத்தர் கருணைக்கிழங்கு கொடுத்தார், ஒருத்தர் துத்தி இலை கொடுத்தார், பூக்கூடை அக்கா மோர் கொடுத்தார். மூன்று தேக்சா பிரியாணியோடு போன வண்டி, மூன்று தேக்சா கருணைக்கிழங்கோடு வீடு திரும்பியது. ஷமீமா ஒரு மாதம் சோற்றுக்கு அதையே வெஞ்சனமாக வைத்தாள். வலி போன இடம் தெரியவில்லை. ஒரு விளம்பரமும் இதைச் செய்யவில்லை.

அன்று சாயங்காலமே அத்தா சாவியை நீட்டினார். "உக்காந்து வாங்கிக்க அப்பு. முடியும்ல?" என்றார். சேதி அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது.

இன்றைக்கும் என் கையில் பட்டன் போன்தான். கடையும் நன்றாக ஓடுகிறது. அந்தப் பக்கத்து விசேஷங்களுக்கெல்லாம் நம் பிரியாணிதான். போன மாதம் அதே வீட்டில் அந்தப் பிள்ளையின் தம்பிக்குக் காதுகுத்து. நானே மைக்கை வாங்கி, "எனக்கு இப்ப பூரணமாக் கொணமாயிருச்சு" என்று அறிவித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். என் சேரில் போட்டிருந்த தலகாணியை மட்டும் யாரும் எடுக்கவில்லை.