சம்பந்தி வீட்டாருக்குப் போட்ட தாய்லாந்து ஐஸ் டீ

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டில் அம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நேற்று மாலை எங்கள் வீட்டில் தாங்கள் அருந்தியதை நினைத்தால் அப்படி எழுத எனக்கே துணிச்சல் வரவில்லை. மூவருக்கும் வயிறு எப்படி இருக்கிறது என்று முதலில் தெரிவிக்கவும்.

கல்யாணத் தேதி குறிக்க வந்தீர்கள். டீயைக் குடித்தீர்கள். பின்புறக் குழாயில் கை கழுவப் போனவர், பேயறைந்த முகத்தோடு திரும்பி வந்து, "சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க, நாங்க உடனே கிளம்பணும்" என்று அம்மாவையும் மாப்பிள்ளையையும் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். தேதி அந்தரத்தில் நிற்கிறது. என் பெண் என்னோடு பேசுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும். அங்கே கொடியில் தாங்கள் பார்த்தது என் காலுறைதான். ஆரஞ்சு அதன் பிறவி நிறமல்ல.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்குத் தாய்லாந்து ஐஸ் டீ என்றால் உயிர் என்று பெண் சொன்னாள், கடையில் வாங்கிவிடலாம் என்றாள் என் மனைவி, பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளனாக இருந்தவன் வீட்டில் ஒரு டீக்குக் கடைக்குப் போவதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது, உடனே ஆரஞ்சு நிறத்தில் இறங்கும் அந்த டீத்தூள் வாங்கி, கெட்டிப்பால் டின் வாங்கி, செல்போனில் வீடியோவும் பார்த்தேன், அதில் ஒரு அம்மாள் கைப்பிடி வைத்த நீளமான துணிப்பையில் டீயை வடித்து, ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு உயரத் தூக்கி ஊற்றினாள், அந்தப் பை அச்சு அசல் காலுறை மாதிரியே இருந்தது, நம்மிடம் அது இல்லையே என்று ஒரு கணம் கலங்கிப் பிறகு அலமாரியைத் திறந்தேன். ஆறு காலுறைகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, எது எத்தனை நொடியில் வடிகிறது என்று குறித்தேன். என் மனைவி குளித்துக்கொண்டிருந்ததால் தடுக்க ஆளில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கே அதிர்ச்சியாக இருக்கிறது. பிரிக்காத புதுக் காலுறை ஒரு ஜோடி இருந்தது. அதை நான் தொடவில்லை. புதுத் துணியில் சாயம் இறங்கும், பரிசோதனை கெட்டுப்போகும் என்பது ஆய்வகத்தில் அரிச்சுவடி. ஆகவே நன்றாக உழைத்த பழைய வெள்ளைக் காலுறையாகத் தேர்ந்தெடுத்தேன். பதினோரு வருடம் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனது. மூன்று முறை கொதிக்க வைத்தேன் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். நான்காவது முறைக்குக் காஸ் தீர்ந்துவிட்டது; மாற்று சிலிண்டரை டீக்கென்று வைத்துக்கொண்டேன்.

வடித்த டீயைப் பானையோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி வந்தேன். மீதியை என் மனைவி கவனித்துக்கொண்டாள். தம்ளரில் ஐஸ் போட்டு, டீயை ஊற்றி, மேலே பால் விட்டபோது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கியதே, அந்த அழகு! தாங்கள் "பிரமாதம்" என்றீர்கள். அம்மா இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கினார்கள். நானே நாலு தம்ளர் குடித்தேன். மனசாட்சியோடு சொல்கிறேன், இப்படி ஒரு மணமான டீயை நான் ஜென்மத்தில் குடித்ததில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு இப்போது என்ன யோக்கியதை இருக்கிறது?

ஐயா, கால் என்னுடையது, காலுறை என்னுடையது, புத்தியும் என்னுடையது. என் பெண் ஒரு பாவமும் அறியாதவள். அவளும் அவள் அம்மாவைப் போலக் கடையில் வாங்கலாம் என்ற கட்சிதான். கோபத்தை என்மேல் காட்டுங்கள், கல்யாணத்தின் மேல் காட்டிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், அவர் அதை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தால். தங்கள் பதிலையும் மன்னிப்பையும் ஒரே உறையில் எதிர்பார்த்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்,
தங்கள் சம்பந்தி (இன்னும் அப்படித்தான் என்றால்).

பி.கு.: அண்ணா, இது பெண்ணின் அம்மா நான் எழுதுகிறேன். உறையை ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவர் வாசலுக்குப் போயிருக்கிறார். உங்கள் மாடித் தொட்டி நிரம்பிக் கூடத்தில் தண்ணீர் வழிகிறது என்று போன் வந்ததால்தான் நீங்கள் ஓடினீர்கள் என்று மாப்பிள்ளை நேற்றே பெண்ணிடம் சொல்லிவிட்டார். கல்யாணத் தேதியையும் அண்ணியும் நானும் போனில் பேசி முடித்துவிட்டோம். அப்புறம், குளித்துவிட்டு வந்தவள் கொடியைப் பார்த்தேன், விஷயம் புரிந்துவிட்டது. அவர் ஐஸ் வாங்கப் போன நேரத்தில் மீதித் தூளைப் போட்டுப் புதுத் துணியில் வடித்துவிட்டேன். நீங்கள் மூன்று பேரும், நானும் பெண்ணும் குடித்தது அதுதான். அவர் ஆசையாகப் போட்டதை மொத்தமாகக் கொட்ட மனசு வரவில்லை. அதை அவருக்கு மட்டும் ஊற்றினேன். நீங்கள் மன்னித்துவிட்டதாக ஒரு வரி எழுதிப் போடுங்கள், போதும். ஆனால் அவசரமில்லை அண்ணா. அந்த வரி வருகிறவரை அவர் அடுப்படிப் பக்கம் வரமாட்டார்.