உள்வட்டத்தில் முதல் இதயம்

குடிநீர் வழங்கல் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை என்னும் கவலைக்குரிய உண்மையை அதன் நிர்வாக இயக்குநர் கண்டறிந்தார். அவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நுழைவதற்கு முன்பும் வெளியேறிய பின்பும் அங்கே என்ன இரைச்சல் நடக்கிறது என்பதை அறிய அவருக்கு வழியில்லை.

ஆகவே ‘உள்வட்டம்’ என்றொரு செயலி வாங்கப்பட்டது. வீட்டில் கைப்பேசியை வைத்துக்கொண்டு எல்லோரும் என்ன செய்வார்களோ அதையே அலுவலகத்திலும் செய்யலாம். இங்கே செய்தால் அதற்குப் பெயர் வேலை. படம் போடலாம், கருத்துச் சொல்லலாம், பிடித்திருந்தால் இதயம் அமுக்கலாம். “ஊழியர்தம் உள்ளக்கிடக்கைகள் தங்குதடையின்றிப் பரிமாறப்படுவதன் வாயிலாக நிறுவனத்தின் வணிக மதிப்பு பன்மடங்கு பெருகும்” என்று சுற்றறிக்கை அறிவித்தது. எப்படிப் பெருகும் என்று யாரும் கேட்கவில்லை. சந்தேகங்களை உள்வட்டத்தில் மட்டுமே கேட்க வேண்டும் என்று அடியில் போட்டிருந்தது.

பழுதுப் பிரிவின் மேற்பார்வையாளரை எல்லோரும் வால்வு அக்கா என்பார்கள். ஊர் வால்வுகள் அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. அவள் வேலை செய்கிற விதம் மிக எளிது. எங்காவது குழாய் உடைந்தால் தொலைபேசி அடிக்கும். அவள் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, முற்றத்தில் நிற்கும் ஃபிட்டரைக் கூப்பிட்டுத் தெருப் பெயரைச் சொல்வாள். அவன் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு போவான். தண்ணீர் நின்றுவிடும்.

இதுதான் தவறு என்று இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. ஜன்னல் வழியே கூப்பிடுவது ‘பதிவாகாத தகவல் பரிமாற்றம்’. இனிமேல் எல்லாம் உள்வட்டத்தில்தான்.

அக்கா கீழ்ப்படிந்தாள். அடுத்த நாளே மார்க்கெட் தெருவில் பெரிய குழாய் வெடித்தது. யாரோ அனுப்பிய படத்தைப் போட்டு, தண்ணீர் வீணாகிறது, உடனே ஆள் தேவை என்று எழுதினாள். போட்ட மாத்திரத்தில் இதயங்கள் கொட்டின. ‘என்ன அழகு!’ என்றார் சட்டப் பிரிவிலிருந்து ஒருவர். குடும்பத்தோடு போய்க் குளிக்கலாம் போலிருக்கிறதே என்று கணக்குப் பிரிவு அம்மாள் எழுதியிருந்தாள். மாலை வரைக்கும் தண்ணீர் ஓடியது. அக்கா முற்றத்துக்கு இறங்கிப் போய் ஃபிட்டரைப் பிடித்தாள்.

“நான் போட்டதைப் பார்க்கலையாப்பா?”

“பார்த்தேனே அக்கா. இதயம்கூடப் போட்டேனே.”

“அப்புறம் ஏன் போகலை?”

“எல்லாரும் அருமை அருமைன்னு எழுதியிருந்தாங்க. சரி, ஏதோ நல்ல விஷயம்போலன்னு விட்டுட்டேன்.”

அவனைத் திட்டி என்ன பயன். அக்கா தானே வண்டியில் ஏற்றி அழைத்துக்கொண்டு போனாள். இருட்டுவதற்குள் குழாயை அடைத்தார்கள். அன்று மாலை முழுக்க அவள் உள்வட்டத்துக்குள் எட்டிப்பார்க்காததால் அவள் பெயருக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்தது. ஈடுபாடு குறைவு. மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார்.

இயக்குநர் கோபக்காரர் இல்லை. வருத்தப்படுகிறவர். அதுதான் இன்னும் மோசம். திரையில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டி, இந்த நிலை நீடித்தால் பதவி உயர்வு ஒருபுறம் இருக்க, பதவியே இருக்குமா என்று தம்மால் உறுதி சொல்ல முடியவில்லை என்றார்.

“ஐயா, நான் அந்த நேரத்துல குழாயை அடைச்சிட்டிருந்தேன்.”

“நீங்க வேலை செய்றது எனக்குத் தெரியும்மா. உள்வட்டத்துக்குத் தெரியலையே.”

அக்காவின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். முதுகுவலி வந்து பாதி நாள் வேலைதான் பார்க்கிறார். இவள் சம்பளம் நின்றால் அடுப்பு நிற்கும். அன்று ராத்திரி அவள் பயந்துபோய் உட்கார்ந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் இதயம் அமுக்கினாள். முதலில் படித்துப் பார்த்துத்தான் அமுக்கினாள். அப்புறம் தலைப்பை மட்டும் பார்த்தாள். பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரல் தானாகப் பழகிக்கொண்டது. இயக்குநர் எதைப் போட்டாலும் முதல் இதயம் அக்காவுடையது, முதல் ‘அருமை ஐயா’வும் அக்காவுடையது. ஒரு வாரத்தில் சிவப்பு விளக்கு பச்சையானது.

பயந்து தொடங்கியது ருசித்துப்போனது. இத்தனை வருஷம் ஊருக்குத் தண்ணீர் விட்டவளுக்கு ஒருவரும் ஒரு நன்றி சொன்னதில்லை. இப்போது குழாய் உடைந்த படம் ஒன்று போட்டால் கழகமே கொண்டாடுகிறது. அவளுக்கென்று ரசிகர்கள் உண்டானார்கள். உடைந்த இடத்துக்கு ஃபிட்டரோடு அவளும் போனாள், அடைப்பதற்கு அல்ல. ஒருமுறை அவன் ஸ்பானரை வைத்துத் திருகப்போனபோது தடுத்துவிட்டாள்.

“இருப்பா, இப்ப அடைக்காதே. வெயில் கொஞ்சம் சாயட்டும். தண்ணி பளபளன்னு விழும்.”

அந்தத் தெருக்காரர்கள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் பிரமாதமாக வந்தது. அதற்காக அவளுக்கு ‘உள்வட்டச் செம்மல்’ பட்டமும் சுழல்நாற்காலியும் கிடைத்தன. நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போடப்பட்டது. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. சத்தம் இடைஞ்சலாக இருந்ததால் அதன் ஒலியைக் குறைத்து வைத்தாள்.

இந்தக் கட்டத்தில், உள்வட்டத்தின் வணிக மதிப்பு எவ்வளவு என்று அளந்து சொல்ல ஓர் ஆலோசகர் வந்தார். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. எல்லாப் பிரிவுக்கும் போய் எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டார். பிறகு கணக்குப் போட்டார். பழுது பார்ப்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆகவே குழாய், வளையம், வண்டிக்கு டீசல் எல்லாம் மிச்சம். புகார்களை யாரும் எடுத்துக் கேட்பதில்லை. ஆகவே பதிவான புகார்கள் அறவே இல்லை. ஆகவே மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கழகம் இவ்வளவு நன்றாக நடக்கிறது என்று அவருக்கே அதுவரை தெரியாது.

சில நாள் கழித்து உள்வட்டத்தில் இயக்குநரின் நீண்ட பதிவு ஒன்று வந்தது. ‘நம் குடும்பத்தின் அடுத்த கட்டப் பயணம்’ என்று தலைப்பு. மேலே சூரிய உதயம். கீழே பக்கம் பக்கமாக எழுத்து. அக்கா பேருந்துக்குக் காத்திருந்தாள். வழக்கம்போல முதல் இதயம், ‘அருமை ஐயா, முழு மனதோடு வழிமொழிகிறேன்’. அவள் பின்னாலேயே கழகம் மொத்தமும் திரண்டு வந்து அமுக்கியது.

திங்கட்கிழமை காலை அலுவலகக் கதவு அவளுடைய அடையாள அட்டைக்குத் திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். பின்னால் வந்த கணக்குப் பிரிவு அம்மாளின் அட்டைக்கும் திறக்கவில்லை, ஃபிட்டருடையதற்கும் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அலுவலகமே வாசலில் நின்றது. பல மாதங்களுக்குப் பிறகு ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டார்கள். இயக்குநர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய அட்டைக்கும் கதவு திறக்கவில்லை.

கடைசியில் கணக்குப் பிரிவு அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பதிவைச் சத்தமாகப் படித்தாள். ஊழியர்கள் வேலை செய்யச் செய்யச் செலவு கூடுகிறது, செய்யாதபோது குறைகிறது என்று ஆய்வில் தெரியவந்துள்ளதாம். ஆகவே ஊழியர்களே இல்லாதிருப்பது வணிக மதிப்பின் உச்சமாம். அதன் பிறகு வந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். “இப்பதிவுக்கு இதயம் அளித்தல், நிர்வாக இயக்குநர் உள்ளிட்ட அனைத்துப் பணியாளர்களும் தத்தம் விருப்ப ஓய்வுக்கு வழங்கும் எழுத்துப்பூர்வமான ஒப்புதலாகக் கொள்ளப்படும்.”

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சூடேறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு இயக்குநரிடம் போனாள்.

“ஐயா, நீங்கதானே இதைப் போட்டீங்க?”

“ஆலோசகர் அனுப்பினார். போட்டேன்.”

“படிக்கலையா?”

இயக்குநர் வருத்தப்பட்டார். “தலைப்பு நல்லா இருந்ததும்மா.”

மேலே ஆட்சிக்குழு இருக்கிறதே, அவர்கள் ரத்து செய்யலாமே என்று ஃபிட்டர் கேட்டான். இயக்குநர் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆட்சிக்குழுத் தலைவர் இதயத்தோடு கைதட்டலும் சேர்த்துப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேறு. பாவம், ஓய்வு நாளிலும் கடமை.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது. உள்வட்டத்தை மூடுகிற பொறுப்பில் இருந்தவரும் போய்விட்டதால் அதை யாரும் மூடவில்லை. கழகத்தில் இப்போது ஊழியர் ஒருவரும் இல்லை. ஈடுபாடு மட்டும் முழுமையாக இருக்கிறது. இதைப் பார்த்துப் படித்துக்கொள்ள மின்வாரியத்திலிருந்து ஒரு குழு வந்துவிட்டுப் போயிருக்கிறது.

அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். நேற்றுக் காலை அவளுடைய வீட்டுக்காரர் தெருக்கோடிக் கிணற்றிலிருந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் கைப்பேசியிலிருந்து நிமிரவில்லை.

“என்ன போட்டிருக்காங்க?” என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

“நம்ம கணக்குப் பிரிவு அம்மா ஏதோ போட்டிருக்காங்க. தண்ணின்னு ஏதோ இருந்துச்சு, சரியாப் பார்க்கலை” என்றாள் அக்கா. “ஆனா நான்தாங்க முதல்.”